தூங்கிப்போன டி செல்களும் நானும்

என் நோயின் முதல் அறிகுறி ஒரு கடிதமாக வந்தது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பசிகூடக் குறையவில்லை. கப்பலூர் தொழிற்பேட்டையில், பம்புகளுக்கான ரப்பர் வளையங்கள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் நான் தரப் பரிசோதகர். அங்கே நடந்த ரத்ததான முகாமில் எல்லோரையும்போலப் படுத்துக் கையை நீட்டினேன். கொடுத்த பழச்சாறைக் குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பினேன். இரண்டு வாரம் கழித்து ரத்த வங்கியிலிருந்து உறை வந்தது. ‘நேரில் வரவும்’ என்று மட்டும் இருந்தது.

பாராட்டுச் சான்றிதழ் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன். இஸ்திரி போட்ட சட்டையில் போனேன்.

அங்கிருந்த ஆலோசகர் என்னை உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். சான்றிதழ் கொடுக்க யாரும் கதவைச் சாத்தமாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. என் ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸ்) இருப்பதாக அவர் சொன்னார். அந்த ரத்தத்தை யாருக்கும் ஏற்ற முடியாது என்றும் சொன்னார். எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். கெட்டுப்போன பொருளைத் தானமாகக் கொடுத்தவன் போல உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு அப்போது இருபத்தொன்பது வயது. கல்யாணம் நிச்சயமாகி ஐந்து வாரம் ஆகியிருந்தது.

மதுரையில் கல்லீரல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். டாக்டர் ஜெயபால் என்று வைத்துக்கொள்வோம். அவர் அறைக்கு வெளியே இருந்த நடைவழியில், பச்சை நாற்காலிகளில், என்னைப்போலவே ஆரோக்கியமாகத் தெரிந்த பலர் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே போனதும் என் கேள்விகளை வரிசையாகக் கேட்டேன்.

“வேல பாக்கலாமா சார்?”

“தாராளமா.”

“சாப்பாடு?”

“எல்லாம் சாப்பிடலாம். தண்ணி மட்டும் தொடக் கூடாது.”

“தண்ணியே குடிக்கக் கூடாதா சார்?”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அந்தத் தண்ணி இல்லப்பா.”

சிரித்த பிறகுதான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. உங்களில் யாராவது இப்போது அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருந்தால், அவர் அன்று எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரே தட்டில் சாப்பிடுவதால் இது பரவாது. தொட்டால் பரவாது. ரத்தத்தின் வழியாகவும், உடலுறவின் வழியாகவும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவும். வீட்டில் இருக்கும் எல்லோரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி உண்டு.

ஆறு மாதம் கழித்தும் வைரஸ் இருந்தால் அது நாள்பட்ட தொற்று என்று பெயர். எனக்கு இருந்தது. முதல் நாளே டாக்டர் அதை யூகித்து, என்னைப் பெற்ற நாளிலிருந்தே இருந்திருக்கும் என்றார். அப்பா நான் சிறுவனாக இருந்தபோதே காலமாகிவிட்டார். நானும் அம்மாவும்தான் வீட்டில். அந்த வாரமே கொட்டாம்பட்டியிலிருந்து அம்மாவை அழைத்துவந்து பரிசோதித்தோம். அவருக்கும் இருந்தது. அம்மா வாழ்நாளெல்லாம் பிறர் வயலில் நாற்று நட்டவர். பின்னாளில் சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கி அதிலும் தானே இறங்கி நட்டவர். அவர் அழுது நான் பார்த்ததில்லை. டாக்டரின் மேசைக்கு முன்னால் அன்று அழுதார்.

“நாந்தேன் எம்பிள்ளைக்குக் குடுத்துட்டனாய்யா?”

“ஏம்மா, தெரிஞ்சா குடுத்தீங்க?” என்றார் டாக்டர். “உங்களுக்கும் யாரோ தெரியாமத்தான் குடுத்துருக்காங்க. அத விடுங்க. அடுத்த பிள்ளைக்குப் போகாம நிறுத்துற வேலைய நாம மூணு பேரும் பாப்போம்.”

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்ப இவனுக்குக் கல்யாணம் பண்ணலாம்ல?” என்று கேட்டார். ‘அடுத்த பிள்ளை’ என்றதும் அவர் காதில் விழுந்தது கல்யாணம்தான்.

கல்யாணப் பெண்ணிடம் நான் முதல் கடிதம் வந்த வாரமே சொல்லியிருந்தேன். அரசி நாகமலை புதுக்கோட்டையில் ஒரு டிடிபி கடையில் வேலை பார்த்தாள். பல்கலைக்கழக மாணவர்களின் ஆய்வேடுகளைக் கணினியில் தட்டச்சு செய்து கொடுக்கும் கடை. மதியம் ஆளில்லாத நேரமாகப் பார்த்துப் போனேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்ததும் மறந்துபோயிற்று.

“எனக்கு ஒரு வியாதி இருக்கு” என்றேன்.

“என்ன வியாதி?”

“ஹெபடைடிஸ் பி.”

அவள் கண்கள் விரிந்தன. “அட! போன மாசம் பூரா அதத்தானே அடிச்சேன். நூத்தியெம்பது பக்கம்!”

“அதுல என்ன போட்டிருக்கு?”

“யாருக்குத் தெரியும்? எனக்கு ஸ்பெல்லிங்குதான் தெரியும்.”

இருவரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, விசைப்பலகையைப் பார்த்தபடியே கேட்டாள். “கல்யாணத்த நிறுத்தவான்னு கேக்க வந்தீங்களா, நிறுத்திட்டேன்னு சொல்ல வந்தீங்களா?”

“கேக்கத்தேன் வந்தேன்.”

“அப்பச் சரி. டாக்டர்ட்ட நானும் வாரேன்.”

அரசிக்குத் தொற்று இல்லை. அவளுக்கு மூன்று தவணைத் தடுப்பூசி: இன்று ஒன்று, அடுத்த மாதம் ஒன்று, ஆறாம் மாதம் ஒன்று. அதற்குப் பின்னும் ஒரு மாதம் காத்திருந்து, போதிய எதிர்ப்புப் பொருள் (வைரஸைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் புரதம்) ரத்தத்தில் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கல்யாணம் செய்துகொள்ளுங்கள் என்றார் டாக்டர். குறித்த முகூர்த்தத்தைத் தள்ளிவைத்தோம். அவள் வீட்டில் அவளே எடுத்துச் சொன்னாள். சொந்தக்காரர்களிடம் அம்மா நாள் சரியில்லை என்றார். பிறகு கோள் சரியில்லை என்றார். கடைசியில் கேட்டவர்களிடமெல்லாம், “புள்ளைக கம்ப்யூட்டர் படிக்குதுக, முடிக்கட்டும்” என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஒவ்வொரு ஊசிக்கும் நாங்கள் இருவரும் சேர்ந்து போனோம். ஊசி போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அரசி வெளியே வருவாள், எதிர்க்கடையில் ஜிகர்தண்டா குடிப்போம். எங்கள் காதல் காலம் என்று ஏதாவது உண்டென்றால் அந்த மூன்று ஊசிகளுக்கு நடுவில்தான்.

இதற்கிடையில் அந்த நூற்றியெண்பது பக்க ஆய்வேட்டுக்காரரை அரசி கண்டுபிடித்துவிட்டாள். அவர் பெயர் ரேவதி. மதுரையில் தலைமுறைகளாக நெசவு செய்துவந்த சௌராஷ்டிரக் குடும்பத்தின் முதல் விஞ்ஞானி. போனில் அப்பாவிடம் சௌராஷ்டிரத்தில் பேசுவார், எங்களிடம் மதுரைத் தமிழில் பேசுவார், ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் இரண்டும் மறந்து ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். அரசி அவரை இழுத்துத் தமிழுக்குக் கொண்டுவருவாள்.

முதல் சந்திப்பில் நான் கேட்டது இதுதான்: “அரசிக்குப் போடுற ஊசிய எனக்கும் போட்டா என்ன மேடம்?”

“அது வெளிய இருந்து வாரவன வாசல்லயே மடக்குற ஊசி. உங்களுக்கு உள்ள வந்து குடியேறி இருபத்தொம்பது வருசமாச்சு. கல்லீரல் செல்லுக்குள்ள ஒளிஞ்சிருக்கான். அவன அந்த எதிர்ப்புப் பொருளால தொட முடியாது. டி செல் வேணும்.”

டி செல் (வைரஸ் புகுந்த செல்லை அடையாளம் கண்டு அழிக்கும் வெள்ளை அணு) பற்றி அவர் சொன்னதை நான் என் வேலையை வைத்துப் புரிந்துகொண்டேன். ஒவ்வொரு செல்லும் தனக்குள் உருவாகும் புரதங்களின் துண்டுகளை மாதிரிக்காக வெளியே நீட்டி வைத்திருக்கிறது. டி செல் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டு போகிறது. வைரஸ் துண்டு தட்டுப்பட்டால் அந்தச் செல்லைக் கழித்துக்கட்டுகிறது. ஆனால் பிறந்த நாள் முதல் அதே துண்டைத் தினமும் பார்த்துப் பார்த்து என் டி செல்கள் சலித்துவிட்டன. பார்த்தும் பாராமல் விட்டுவிடுகின்றன.

“எங்க இன்ஸ்பெக்‌ஷன்ல ராத்திரி ஷிப்ட் தொடர்ந்து பாத்தா அப்படித்தான் மேடம். ரிஜெக்ட் பீஸ் கையில வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.”

“அதேதான்! இதை என் கைடுகிட்ட யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம்” என்றார் ரேவதி.

நாள்பட்ட தொற்று உள்ளவர்களின் டி செல்களைத் தட்டி எழுப்பும் தடுப்பூசி ஒன்றை உருவாக்க உலகத்தில் பல இடங்களில் முயன்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு சின்னப் படி ரேவதியின் வேலை. வைரஸின் எந்தத் துண்டைக் காட்டினால் நம் ஊர்க்காரர்களின் டி செல் விழிக்கிறது என்று பார்ப்பது. அதற்கு என்னைப்போன்றவர்களின் ரத்தம் வேண்டும். எனக்கு இதனால் எந்தப் பலனும் கிடைக்காமல் போகலாம், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருந்தது. கல்லீரலுக்கு வல்லின ‘ற’ போட்டிருந்தார்கள். அரசி அதைக் கண்டதும் படிவம் முழுவதையும் பிடுங்கிக்கொண்டு போய்த் திருத்தி அடித்துக்கொண்டு வந்தாள். நான் கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் ஏற்ற முடியாத ரத்தத்துக்கு ஓர் உபயோகம் கிடைத்ததில் எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை விவரிக்க முடியாது.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை காலையில், நாகமலை அடிவாரத்தில் இருந்த அவருடைய ஆய்வுக்கூடத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். அதிலிருந்து டி செல்களைப் பிரித்து, சிறுசிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் இடுவார்கள். பணியாரச் சட்டி மாதிரி இருக்கிறது என்றாள் அரசி. ஒவ்வொரு குழியிலும் வைரஸின் ஒவ்வொரு துண்டு. எந்த டி செல் அதை அடையாளம் கண்டு விழிக்கிறதோ, அது இருந்த இடத்தில் ஒரு நீலப் புள்ளி விழும்.

முதல் முறை என் குழிகளை உருப்பெருக்கியில் பார்த்தேன். ஒரே குழியில் மூன்று புள்ளிகள். மற்றவை வெறுமையாக இருந்தன.

“மூணுதானா?” என்றேன்.

“மூணு இருக்குல்ல” என்றார் ரேவதி.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு அரசியின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருள் ஏராளமாக இருந்தது. பள்ளிக்கூட மார்க் ஷீட்டைப்போல அவள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள். கொட்டாம்பட்டியில் கல்யாணம் நடந்தது. ரேவதி வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அம்மா அவரை எல்லோரிடமும், “எம்மகன் ரத்தத்தப் படிக்கிற டாக்டரம்மா” என்று அறிமுகப்படுத்தினார்.

கம்பெனியில் விஷயம் எப்படியோ கசிந்திருந்தது. கேன்டீனில் என் டம்ளரை யாரோ தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். என்னுடன் பரிசோதனை மேசையில் வேலை பார்க்கும் முத்து அதைப் பார்த்தான். அந்த டம்ளரையே எடுத்து, அதில் டீ பிடித்து, எல்லோர் முன்னாலும் நிதானமாகக் குடித்தான். “மாப்ள, சீனி கம்மி” என்று மட்டும் சொன்னான். மறுநாள் டம்ளர்கள் எல்லாம் ஒன்றாகக் கிடந்தன.

அந்த முத்துதான் ஒன்றரை வருடம் கழித்து ஒரு மே மாதக் காலையில் என் முகத்தைப் பரிசோதனை விளக்கின் பக்கமாகத் திருப்பினான்.

“மாப்ள, கண்ணு என்னடா இம்புட்டு மஞ்சக் கெடக்கு?”

ஒரு வாரமாகவே எனக்குச் சோர்வு. வெயில் என்று நினைத்திருந்தேன். சிறுநீர் கட்டன் டீ நிறத்தில் போனதற்குத் தண்ணீர் போதவில்லை என்று நானே காரணம் கண்டுபிடித்திருந்தேன். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கல்லீரல் நொதி (கல்லீரல் செல்கள் உடையும்போது ரத்தத்தில் கசியும் பொருள்) தாறுமாறாக ஏறியிருந்தது. அரசி அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி.

டாக்டர் ஜெயபால் எதையும் மறைக்கவில்லை. “உன் கல்லீரல் வேகமா சேதமாகுது. இது ரெண்டு வழியில போகும். உன் உடம்பே முழிச்சுக்கிட்டு வைரஸ் இருக்கிற செல்ல எல்லாம் அடிக்குதுன்னா, அடிச்சு முடிச்சதும் அடங்கிரும். அடங்காமப் போச்சுன்னா கல்லீரல் கைவிட்டுரும். ரத்தத்த உறையவைக்கிற பொருளக் கல்லீரல்தான் செய்யுது, அதனால ரத்தம் உறையுற நேரத்த தினம் பாப்போம். அது நீண்டா வைரஸ அடக்குற மாத்திரைய ஆரம்பிச்சு உடனே சென்னைக்கு அனுப்பிருவேன்.”

“எந்த வழின்னு எப்பத் தெரியும் சார்?”

“பாத்துக்கிட்டே இருந்தாத் தெரியும்.”

அம்மா கீழாநெல்லியை அரைத்துத் தூக்குவாளியில் கொண்டுவந்திருந்தார். டாக்டர் அதை வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு, “இப்ப இவன் கல்லீரலுக்கு எந்தப் புது வேலையும் குடுக்க வேணாம்மா, கஞ்சி குடுங்க” என்றார். அம்மா கேட்டுக்கொண்டார். இந்த இடத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கண் மஞ்சளானால் பச்சிலையோடு வீட்டில் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ரத்தம் பார்க்கும் இடத்துக்குப் போங்கள்.

மறுநாள் ரேவதியே வார்டுக்கு வந்து ரத்தம் எடுத்தார். குழாயைப் பனிக்கட்டியில் வைப்பார் என்று பார்த்தால், ஒரு துவாலையில் சுற்றித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். செல்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும், குளிரும் ஆகாது, மதுரை வெயிலும் ஆகாது என்றார். கைக்குழந்தையைத் தூக்கிப்போவதுபோல அதை அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறியதாக அரசி வந்து சொன்னாள்.

அந்த இரண்டு நாட்கள் பயந்தேன். பகலெல்லாம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பிறக்கப்போகும் பிள்ளையை நினைக்கும்போதெல்லாம் அதன் முகத்தை வரைந்துகொள்ளக்கூடாது என்று எனக்கு நானே தடை போட்டுக்கொண்டேன். அரசி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து யாரோ ஒருவரின் பொருளாதார ஆய்வேட்டுக்குப் பிழை திருத்தினாள். சில சமயம் பென்சில் ஒரே வரியில் நெடுநேரம் நிற்கும்.

மூன்றாம் நாள் மதியம் ரேவதி ஒரு படத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். மூச்சு வாங்கியது. குழியின் படம். அதில் புள்ளிகளை எண்ண முடியவில்லை. ஒரு குழி அல்ல, வரிசையாகப் பல குழிகள், வைரஸின் உள்கூட்டுப் புரதத்தின் துண்டுகள் இருந்தவை எல்லாம், நாவல்பழச் சாறு தெறித்ததுபோல நீலமாகக் கிடந்தன.

“எல்லாம் முழிச்சிருச்சு!” என்றார்.

“ஏன் முழிச்சுச்சு மேடம்?”

“தெரியல. இது தெரிஞ்சா எங்க வேலையில பாதி முடிஞ்சிரும்.”

டாக்டர் படத்தை வாங்கிப் பார்த்தார். “அழகா இருக்கு. ஆனா நான் உறையுற நேரத்தத்தான் நம்புவேன்” என்றார். அவர் சொன்னது சரி. புள்ளிகள் ஜெயித்தாலும் கல்லீரல் தாங்க வேண்டுமே. அன்றைய ரத்தம் உறையும் நேரம் முந்தின நாளைவிட நீளவில்லை. அதற்கு மறுநாள் சற்றுக் குறைந்தது. ஐந்தாம் நாள் காலையில் எனக்குப் பசித்தது. இட்லி வேண்டும் என்று கேட்டேன். அம்மா வார்டு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு போனார்.

அரசி அப்போதுதான் அழுதாள். அழுதபடியே, “எத்தன இட்லி?” என்று கேட்டாள்.

மஞ்சள் முழுதும் வடிய இரண்டு மாதமாயிற்று. வேலைக்குத் திரும்பியபோது மேற்பார்வையாளர் எனக்குக் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகக் கொடுத்தார். வேறு நகரத்துக்கு அனுப்பிப் பார்த்த வைரல் லோடு (ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்ற அளவு) மிகக் கீழே வந்திருந்தது. வைரஸ் என்னை விட்டுப் போய்விடவில்லை. அடங்கி ஒரு மூலையில் இருக்கிறது. நானும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இது எனக்கு நடந்தது என்பதால் எல்லோருக்கும் இப்படித்தான் நடக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே வார்டில் அதே மஞ்சளோடு வந்த ஒருவர் வீடு திரும்பவில்லை. என் அதிர்ஷ்டத்தில் பாதி, தினமும் ரத்தம் பார்க்கும் இடத்தில் நான் இருந்தது.

குணமான பிறகு ஒருநாள் ரேவதியிடம், தடுப்பூசி இனி வந்துவிடுமா என்று கேட்டேன்.

“உங்க உடம்பு தறிகெட்டுச் செஞ்ச வேலைய, யாருக்கும் கண்ணு மஞ்சளாகாம, அளவாச் செய்ய வைக்கணும். எழுப்புறது கஷ்டம். எழுப்பினத அளவோட நிறுத்துறது அதவிடக் கஷ்டம். அதுக்குத்தான் இம்புட்டு வருசம் ஆகுது.”

இதை எழுதும் இன்றுவரை அந்தத் தடுப்பூசி மருந்துக்கடைக்கு வரவில்லை. எலிகளில் பார்த்தார்கள், வேறு ஊர்களில் சில மனிதர்களிலும் பார்த்தார்கள், திருப்தியில்லை என்று மறுபடி ஆய்வு மேசைக்குப் போனார்கள். அம்மாவின் கல்லீரலில் கொஞ்சம் தழும்பு இருந்ததால் அவருக்குத் தினம் ஒரு மாத்திரை. முதல் நாள் மாத்திரையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “அம்புட்டுத்தானா? இதுக்கா அன்னைக்கு அந்த அழுக அழுதேன்?” என்றார். இன்றும் வயலுக்குப் போகிறார்.

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அரசிக்குத் தொற்று இல்லாவிட்டாலும், பிறந்த அன்றே குழந்தையின் தொடையில் முதல் ஊசியைப் போட்டார்கள். அவள் ஆஸ்பத்திரி அதிர வீறிட்டாள். வாசலில் நின்றிருந்த அம்மா இரண்டு கைகளையும் தலைக்குமேல் கூப்பினார். எங்கள் குடும்பத்தில் அந்த வைரஸின் பயணம் அந்த அழுகையோடு நின்றது.

போன மாதம் ரேவதி போன் செய்தார். நான் மேசையில் வளையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மே மாதம் எடுத்த என் ரத்தத்தில் மீந்த செல்களைச் சின்னக் குப்பிகளில் அடைத்துத் திரவ நைட்ரஜனில் (பனிக்கட்டியைவிடப் பல மடங்கு குளிர்ந்த திரவம்) உறையவைத்திருந்தாராம். புதிதாகச் செய்த ஒரு வைரஸ் துண்டைச் சோதிக்க ஒரு குப்பியை எடுத்து இளஞ்சூட்டில் வைத்தாராம்.

“செல்வம், உங்க செல்லெல்லாம் எந்திரிச்சிருச்சு. வைரஸக் காட்டினேன், டக்குனு அடையாளம் தெரிஞ்சிருச்சு.”

வீட்டுக்குப் போய் அரசியிடம் சொன்னேன்.

“எந்திரிச்சதும் டீ கேட்டுச்சா?” என்றாள்.

சிரித்தோம். ஆனால் அன்றிலிருந்து அந்த எண்ணம் என்னை விடவில்லை. நாகமலை அடிவாரத்தில் ஓர் உலோகக் கலத்துக்குள் என்னில் ஒரு பகுதிக்கு இன்னும் முப்பத்தொரு வயது. அதற்கு அந்த மே மாதம் முடியவில்லை. அரசி இன்னும் ஐந்து மாதம். இட்லி இன்னும் கேட்கப்படவில்லை. முன்பெல்லாம் உடம்பு என்றால் என் சட்டைக்குள் இருப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். காலம் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறது என்றும் நினைத்திருந்தேன். இன்று காலை கண்ணாடியில் என் காதோரம் நாலைந்து நரைமுடிகள் தெரிந்தன. அந்தக் கலத்தில் இருப்பவற்றுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. மகள் பள்ளிக்கு நேரமாயிற்று என்று வாசலில் கத்தினாள். நான் முடியைச் சீவிக்கொண்டு ஓடினேன்.